நாலு கம்பெனி, ஒரே சர்வர்... அனுப்பின கொட்டேஷன் ஏன் ஸ்பாமில் கிடக்கிறது?

தொழிற்பேட்டைகளில் ஒரு வழக்கம் உண்டு. ஒரே கேட்டில் மூன்று, நான்கு பெயர்ப் பலகைகள் தொங்கும். அப்பா ஆரம்பித்த கம்பெனி ஒன்று, மகன் படிப்பை முடித்து வந்ததும் ஏற்றுமதிக்கென்று இன்னொன்று, தம்பி பங்கு பிரிந்தபோது உருவானது வேறொன்று. ஜிஎஸ்டி எண் தனி, வங்கிக் கணக்கு தனி, லெட்டர்பேடு தனி. மெயில் முகவரி மட்டும் எல்லாவற்றுக்கும் பொதுவாக ஒரே ஜிமெயில். அதன் பாஸ்வேர்டு அக்கவுன்டன்ட்டுக்கும் தெரியும், வேலையை விட்டுப் போன பழைய அக்கவுன்டன்ட்டுக்கும் தெரியும்.

மதுரையை அடுத்த கப்பலூர் சிட்கோ தொழிற்பேட்டையில் அப்படி ஒரு குடும்பம் இருப்பதாக வைத்துக்கொள்வோம். ரப்பர் வாஷர் செய்யும் யூனிட் ஒன்று, அதையே வெளிநாட்டுக்கு அனுப்பும் ஏற்றுமதி நிறுவனம் ஒன்று, அட்டைப்பெட்டி யூனிட் ஒன்று, மருமகள் புதிதாகத் தொடங்கிய மசாலாப் பொடி பிராண்டு ஒன்று. ஏற்றுமதி நிறுவனத்தின் வெளிநாட்டு வாடிக்கையாளர், "உங்கள் கம்பெனி பெயரில் மெயில் முகவரி இல்லையா?" என்று கேட்டுவிடுகிறார். பெரிய கம்பெனிகளின் பர்ச்சேஸ் பிரிவில் இது சாதாரணமாக வரும் கேள்விதான். குடும்பம் கூடிப் பேசி நாலு பெயருக்கும் நாலு டொமைன் வாங்குகிறது. வெப்சைட் செய்து கொடுத்த தம்பி, "நாலுக்கும் தனித்தனியா எதுக்கு செலவு? ஒரே சர்வர்ல போட்டுத் தர்றேன்ணே" என்கிறார்.

அவர் சொன்னதில் தவறு ஏதும் இல்லை. ஒரு சர்வரில் நாலு என்ன, நாற்பது டொமைனின் மெயிலையும் வைக்கலாம். மெயில் ஹோஸ்ட்டிங் தொழிலே அப்படித்தான் ஓடுகிறது. ஆனால், நாலு கம்பெனியை ஒரே கூரையின் கீழ் குடிவைக்கும்போது எதைப் பொதுவாக வைக்கலாம், எதைத் தனித்தனியாக வைத்தே ஆகவேண்டும் என்பதில்தான் பலரும் சறுக்குகிறார்கள். அந்தச் சறுக்கல் உடனே தெரியாது. ரெண்டு மாதம் கழித்து புனேயிலிருந்து ஒருவர் போன் செய்து, "கொட்டேஷன் அனுப்புறேன்னீங்க, வரவே இல்லையே... வேற ஆளுக்கு ஆர்டர் கொடுத்துட்டோம்" என்று சொல்லும்போதுதான் தெரியும். மெயில் போயிருக்கும். அங்கே ஸ்பாம் பெட்டியில் கிடந்திருக்கும்.

முதலில் எளிய குழப்பத்தைப் பார்த்துவிடலாம். லினக்ஸ் சர்வர்களில் மெயிலை அனுப்பவும் வாங்கவும் பெரும்பாலும் போஸ்ட்ஃபிக்ஸ் என்ற இலவச மென்பொருள் இருக்கும். வீட்ஸே வெனிமா என்பவர் ஐபிஎம் ஆய்வுக்கூடத்தில் இருந்தபோது எழுதி, 1998-ல் வெளியானது. வந்த மெயிலைப் பெட்டியில் அடுக்கி உங்கள் போனுக்கு எடுத்துக் கொடுக்கும் வேலையை டவ்காட் என்ற இன்னொரு மென்பொருள் செய்யும். பழைய பாணியில் அமைத்தால், சர்வரில் 'இன்ஃபோ' என்று ஒரே ஒரு ஆள்தான். ரப்பர் கம்பெனியின் இன்ஃபோவுக்கு வந்தாலும் மசாலாவின் இன்ஃபோவுக்கு வந்தாலும் ரெண்டும் ஒரே பெட்டியில் விழும். வாஷர் விலைப்பட்டியல் கேட்டவருக்கு ரசப்பொடி விலைப்பட்டியல் போய்ச் சேர வாய்ப்பு உண்டு!

அதனால்தான் பல டொமைன் வைக்கும்போது 'வெர்ச்சுவல்' முறை. எந்த டொமைனின் எந்தப் பெயருக்கு எந்தப் பெட்டி என்று தனி அட்டவணை எழுதிவைப்பது. பெயர் ஒன்றாக இருந்தாலும் டொமைன் வேறானால் பெட்டி வேறு, பாஸ்வேர்டு வேறு. இப்போது கிடைக்கும் ரெடிமேட் மெயில் சர்வர் தொகுப்புகள் எல்லாம் இதைத் தானாகவே செய்துவிடுகின்றன. கையால் எழுதி அமைப்பவர்கள்தான் ஒரே டொமைனை ரெண்டு அட்டவணையிலும் எழுதிவிட்டு, மெயில் எங்கே போகிறது என்று தேடிக்கொண்டிருப்பார்கள்.

பெட்டிப் பிரச்னையை ஒரு மணி நேரத்தில் சரிசெய்துவிடலாம். வெளியே போகும் மெயிலின் கதை வேறு.

டோல்கேட்டில் நிற்கும் மெயில்

கப்பலூர் என்றதும் தொழிற்பேட்டைக்கு முன்பாகப் பலருக்கும் ஞாபகம் வருவது டோல்கேட். திருமங்கலம் வட்டார வண்டிகளுக்கு அங்கே கட்டண விலக்கு வேண்டும் என்று அந்தப் பகுதி மக்கள் பல வருடங்களாகக் குரல் கொடுத்துவருவது எல்லோரும் அறிந்த செய்தி. "நான் உள்ளூர்தான்" என்று வாயால் சொன்னால் அங்கே தடுப்பு உயராது, ஆதாரம் காட்ட வேண்டும். மெயிலுக்கும் இப்போது அதே நிலைமை.

ஒரு காலத்தில் இல்லை. மெயில் அனுப்பும் விதிமுறையான எஸ்எம்டிபி 1982-ல் எழுதப்பட்டபோது, நெட்வொர்க்கில் இருந்தவர்கள் பெரும்பாலும் பல்கலைக்கழக, ஆய்வுக்கூட ஆட்கள். அனுப்புநர் இடத்தில் யார் பெயரை வேண்டுமானாலும் எழுதலாம், யாரும் சரிபார்க்க மாட்டார்கள். தபால் அட்டையில் அனுப்புநர் முகவரி எழுதுவது மாதிரி. அந்த ஓட்டையை அடைக்கத்தான் பின்னாளில் மூன்று காவல்கள் வந்தன. மூன்றும் டொமைனின் டிஎன்எஸ் பதிவுகளில் எழுதப்படுபவை. டிஎன்எஸ் என்பது ஒரு டொமைனின் வெப்சைட் எங்கே இருக்கிறது, மெயில் எங்கே வர வேண்டும் என்றெல்லாம் உலகத்துக்குச் சொல்லும் அறிவிப்புப் பலகை.

எஸ்பிஎஃப் முதல் காவல். "என் கம்பெனி சரக்கை இந்த நம்பர் வண்டிகள் மட்டும்தான் ஏற்றிவரும்" என்று டோல்கேட்டில் கொடுத்துவைக்கும் பட்டியல். அடுத்தது டிகேஐஎம், லாரிக் கதவில் வைக்கும் ஈய முத்திரை. வழியில் யாராவது பிரித்திருந்தால் முத்திரை காட்டிக்கொடுத்துவிடும். மூன்றாவது டிமார்க். பட்டியலிலும் இல்லை, முத்திரையும் சரியில்லை என்றால் வண்டியை விடுவதா, ஓரமாக நிறுத்துவதா, திருப்பி அனுப்புவதா என்று முதலாளி எழுதிக்கொடுக்கும் உத்தரவு.

2024 பிப்ரவரியிலிருந்து கூகுளும் யாகூவும் இதில் கறாராகிவிட்டன. ஒரு நாளைக்கு 5,000 மெயிலுக்கு மேல் அனுப்புகிறவர்களுக்கு மூன்றும் கட்டாயம். அதற்குக் கீழே அனுப்பும் சிறிய கம்பெனியும் எஸ்பிஎஃப் அல்லது டிகேஐஎம் இரண்டில் ஒன்றாவது வைத்திருக்க வேண்டும் என்பது கூகுளின் விதி. 2025 மே மாதம் மைக்ரோசாஃப்ட்டும் பெரிய அளவில் அனுப்புவோருக்கு இதே விதியைக் கொண்டுவந்தது. 'நாங்க ஒரு நாளைக்கு இருபது மெயில்தானே அனுப்புறோம்' என்று நினைக்கும் கப்பலூர் கம்பெனிக்கும் இதில் முழு விலக்கு கிடையாது.

இனி நம் நாலு டொமைன் குடும்பத்துக்கு வருவோம். இதில் பொதுவாக வைக்கக்கூடியவை: சர்வர், அதன் ஐபி எண், அந்தச் சர்வரின் பெயர். நாலு டொமைனும் "எங்களுக்கு வரும் மெயிலை இந்த ஒரே சர்வரில் கொடுங்கள்" என்று தங்கள் எம்எக்ஸ் பதிவில் எழுதினால் போதும். அந்த ஐபி எண்ணைத் திருப்பிக் கேட்டால் சர்வரின் பெயரையே சொல்ல வேண்டும். இதை ரிவர்ஸ் டிஎன்எஸ் என்பார்கள், சர்வரை வாடகைக்குக் கொடுத்த நிறுவனத்திடம் சொல்லித்தான் இதைப் போட முடியும். பலர் இங்கே, "நாலு டொமைனுக்கும் நாலு ரிவர்ஸ் பதிவு வேண்டுமே" என்று குழம்புவார்கள். வேண்டாம். ஒரு ஐபிக்கு ஒரு பெயர் போதும். பாதுகாப்புச் சான்றிதழும் அந்த ஒரு பெயருக்கு இருந்தால் போதும், லெட்ஸ் என்கிரிப்ட் அதை இலவசமாகவே தருகிறது.

எஸ்பிஎஃப், டிகேஐஎம், டிமார்க் மூன்றும் ஒவ்வொரு டொமைனுக்கும் தனித்தனி. இங்கேதான் வெப்சைட் தம்பிகள் கோட்டை விடுகிறார்கள். முதல் டொமைனுக்கு எல்லாவற்றையும் அழகாக அமைத்துவிட்டு, மற்ற மூன்றுக்கும் பெட்டி மட்டும் திறந்துகொடுத்துவிடுவார்கள். விளைவு? மசாலா கம்பெனி பெயரில் போகும் மெயிலில் ரப்பர் கம்பெனியின் முத்திரை குத்தியிருக்கும். முத்திரை என்னவோ அசல்தான். ஆனால், அனுப்புநர் பெயரும் முத்திரைப் பெயரும் பொருந்தவில்லையே! அந்த முத்திரையை டிமார்க் கணக்கில் எடுத்துக்கொள்ளாது.

இன்னொரு வழக்கமான தவறு, எஸ்பிஎஃப் பதிவை ரெண்டு தடவை எழுதுவது. முதலில் சர்வருக்கு ஒன்று. ஆறு மாதம் கழித்து பில்லிங் சாஃப்ட்வேர் வாங்கும்போது, "இதையும் டிஎன்எஸ்ல சேருங்க" என்று அவர்கள் ஒரு வரி கொடுப்பார்கள், அதையும் தனி வரியாகச் சேர்த்துவிடுவார்கள். ஒரு டொமைனுக்கு ஒரே ஒரு எஸ்பிஎஃப் வரிதான் இருக்கலாம். ரெண்டு இருந்தால் ரெண்டும் செல்லாது. புது வரியைப் பழைய வரிக்குள்ளேயே சேர்க்க வேண்டும்.

தீபாவளி ஆஃபர் வைத்த வேட்டு

எல்லாம் சரியாக அமைத்தாயிற்று. மூன்று மாதம் பிரச்னை இல்லை. தீபாவளி வருகிறது. மசாலா பிராண்டுக்காக யாரோ 8,000 மெயில் முகவரிகள் கொண்ட பட்டியலை விலைக்கு விற்கிறார்கள். ஆஃபர் மெயில் ஒரே இரவில் 8,000 பேருக்குப் பறக்கிறது. அதில் பாதி முகவரிகள் செத்துப்போனவை. மீதிப் பேரில் பலர், "யாருடா இது" என்று ஸ்பாம் பட்டனை அழுத்துகிறார்கள். மறுநாள் காலை, ரப்பர் கம்பெனியின் இன்வாய்ஸ் எங்குமே போய்ச் சேரவில்லை.

ரப்பர் கம்பெனி ஒரு தவறும் செய்யவில்லை. ஆனால், நாலு பேரும் போய்வருவது ஒரே வாசல், ஒரே ஐபி எண். மெயில் உலகில் நற்பெயர் டொமைனுக்கும் உண்டு, ஐபி எண்ணுக்கும் உண்டு. கெட்ட ஐபி எண்களின் பட்டியலை ஸ்பாம்ஹவுஸ் போன்ற அமைப்புகள் வைத்திருக்கின்றன, உலகம் முழுக்க மெயில் சர்வர்கள் அந்தப் பட்டியலைக் கேட்டுவிட்டுத்தான் மெயிலை உள்ளே விடுகின்றன. வீட்டில் ஒருவர் ஊரெல்லாம் கடன் வாங்கிவிட்டால், அந்த வீட்டில் இருந்து யார் போய்க் கேட்டாலும் கடை அண்ணாச்சி யோசிப்பார் இல்லையா, அந்த மாதிரி.

ஆஃபர் மெயில்கூட வேண்டாம். ஒரே ஒரு ஊழியரின் பாஸ்வேர்டு திருடு போனால் போதும். நள்ளிரவில் யாரோ அந்தப் பெட்டி வழியாக ஆயிரக்கணக்கில் ஸ்பாம் அனுப்பிவிடுவார்கள். அதனால்தான் அனுபவமுள்ளவர்கள் ஒவ்வொரு பெட்டிக்கும் 'ஒரு மணி நேரத்துக்கு இவ்வளவு மெயில்தான்' என்று வரம்பு வைத்துவிடுவார்கள். விளம்பர மெயிலை அந்தச் சர்வர் பக்கமே விடாமல், அதற்கென்றே இருக்கும் சேவை வழியாக அனுப்புவார்கள்.

கூட்டுக் குடித்தனத்தில் ஒருவர் செய்ததற்கு எல்லோரும் அடிவாங்கிய கதை, பெரிய இடத்திலேயே நடந்திருக்கிறது. 2018 செப்டம்பர் 24. தமிழ்நாட்டில் வளர்ந்து உலகம் முழுக்க வாடிக்கையாளர்களை வைத்திருக்கும் ஸோஹோவின் ஸோஹோ.காம் திடீரென்று திறக்கவில்லை. சர்வர் பழுதாகவில்லை, யாரும் ஹேக் செய்யவும் இல்லை. அந்த டொமைன் பதிவாகியிருந்த டியரானெட் என்ற அமெரிக்க நிறுவனம், ஸோஹோ மெயிலைப் பயன்படுத்தி ஃபிஷிங் நடப்பதாக வந்த புகார்களைக் காரணம் காட்டி டொமைனையே முடக்கிவிட்டது. தங்களுக்கு வந்த புகார் மூன்றே மூன்றுதான், அதில் இரண்டின் மேல் உடனே நடவடிக்கை எடுத்துவிட்டோம் என்றது ஸோஹோ. நிறுவனர் ஸ்ரீதர் வேம்பு ட்விட்டரில் பகிரங்கமாக உதவி கேட்க வேண்டியதாயிற்று. கோடிக்கணக்கான பயனாளர்கள் இருக்கும் ஒரு நிறுவனம், யாரோ சிலர் அனுப்பிய மோசடி மெயிலால் இணையத்திலிருந்தே காணாமல் போய்த் திரும்பி வந்தது. முடக்கம் நீங்கிய பிறகும், டிஎன்எஸ் மாற்றம் உலகமெங்கும் பரவும் வரை பலர் காத்திருந்தார்கள். ஸோஹோ அதன்பின் தன் டொமைனை கிளவுட்ஃபிளேர் நிறுவனத்துக்கு மாற்றிக்கொண்டது.

இந்தச் சம்பவத்தில் கவனிக்க வேண்டியது, சர்வர் நல்லபடியாக ஓடிக்கொண்டிருந்தும் பெயர் போனதால் எல்லாம் போனது என்பதை. நம் ஊரில் பெயரை யாரும் அவ்வளவாகக் கண்டுகொள்வதில்லை. டொமைன் யார் கணக்கில் பதிவாகியிருக்கிறது என்று கேட்டால், "வெப்சைட் பண்ணிக் கொடுத்த தம்பிக்குத்தான் தெரியும்" என்பதுதான் பதிலாக வருகிறது. அந்தத் தம்பி பெங்களூரு போய்விட்டால்? புதுப்பிக்கச் சொல்லும் மெயில் அவருடைய பழைய முகவரிக்குப் போய்க்கொண்டிருந்தால்?

டொமைன் காலாவதியாகி, கெடுவும் முடிந்துவிட்டால் யார் வேண்டுமானாலும் அதை வாங்கலாம். வாங்கியவர் ஒரு மெயில் சர்வரை வைத்து, அந்த டொமைனின் எல்லா முகவரிக்கும் வரும் மெயிலைத் தன் பெட்டிக்குத் திருப்பிக்கொள்ளலாம். பழைய வாடிக்கையாளரின் ஆர்டர் அவருக்குப் போகும். "பாஸ்வேர்டு மறந்துவிட்டது" என்று தட்டினால் வரும் லிங்க்கும் அவருக்கே போகும். வங்கியிலும் அரசு இணையதளங்களிலும் அந்த முகவரியைக் கொடுத்துவைத்திருப்பவர்கள் இதை ஒரு நிமிடம் நினைத்துப் பார்த்துக்கொள்ளுங்கள்.

பெயர் வேறு, பெட்டி வைத்திருக்கும் இடம் வேறு என்பதற்கு நல்ல உதாரணமும் ஸோஹோதான். மத்திய அரசு ஊழியர்கள் சுமார் 12 லட்சம் பேரின் மெயில் ஸோஹோவின் தளத்துக்கு மாறியிருப்பது 2025 அக்டோபரில் பெரிய செய்தியானது. ஆனால், முகவரி மாறவில்லை. என்ஐசி.இன், கவ்.இன் என்ற பழைய டொமைன்கள் அப்படியே அரசின் கையில். நாளைக்கு வேறு நிறுவனத்துக்குப் போவதென்றாலும் முகவரியை மாற்ற வேண்டியதில்லை. ரப்பர் கம்பெனிக்கும் இதே வசதி உண்டு, டொமைன் கணக்கு முதலாளி கையில் இருந்தால்.

சொந்த சர்வர் தேவையா?

மாதம் ஆயிரம் ரூபாய்க்குள்ளேயே சின்ன சர்வர் வாடகைக்குக் கிடைக்கிறது. பெட்டி எத்தனை திறந்தாலும் கூடுதல் காசு இல்லை. மெயில் சேவை நிறுவனங்களிடம் போனால் ஆளுக்கு இவ்வளவு என்று மாதா மாதம் கணக்கு. நாலு கம்பெனி, நாற்பது ஊழியர் என்றால் சொந்த சர்வர் லாபமாகத் தெரியும். அதைப் பார்த்துக்கொள்ளத் தெரிந்த ஆள் சம்பளத்தில் இருந்தால் உண்மையிலேயே லாபம்தான். ஆள் இல்லையென்றால் வேண்டாம் என்பதுதான் நேர்மையான பதில். வாடகை சர்வர் நிறுவனங்கள் பல, மெயில் வெளியே போகும் 25-ம் எண் போர்ட்டைப் பூட்டியே தருகின்றன, கேட்டுத் திறக்க வேண்டும். முன்பு அதே ஐபியை வாடகைக்கு எடுத்தவர் ஸ்பாம் அனுப்பியிருந்தால், அவருடைய கெட்ட பெயரும் சேர்ந்தே வரும். ஆபீஸ் பிராட்பேண்டில், மூலையில் கிடக்கும் பழைய கம்ப்யூட்டரை மெயில் சர்வராக்குவது பற்றிப் பேசவே வேண்டாம்.

"கரன்ட் போனால், சர்வர் நின்றால் மெயில் தொலைந்துவிடுமா?" என்ற பயம் பலருக்கும் உண்டு. தொலையாது. வாங்க ஆள் இல்லையென்றால் அனுப்பிய சர்வர் மெயிலைக் கையில் வைத்துக்கொண்டு திரும்பத் திரும்ப முயலும். போஸ்ட்ஃபிக்ஸ் வழக்கமாக 5 நாள் வரை விடாது.

தொலையக்கூடியது பணம். வாடிக்கையாளருக்குப் போகும் இன்வாய்ஸை நடுவில் பார்த்துவிட்டு, "எங்கள் வங்கிக் கணக்கு மாறிவிட்டது, இனி இதில் போடுங்கள்" என்று அதே பெயரில் மெயில் அனுப்பும் மோசடி உலகம் முழுக்க நடக்கிறது. 2023-ல் மட்டும் இந்த வகை மோசடியில் 290 கோடி டாலர் போயிருப்பதாக அமெரிக்காவின் எஃப்பிஐ-க்கு வந்த புகார்கள் சொல்கின்றன. உங்கள் டொமைன் பெயரையே போட்டு வரும் போலியை, டிமார்க்கைக் கறாராக வைத்தால் தடுக்கலாம். ஆங்கிலத்தில் 'எம்' எழுத்துக்குப் பதில் 'ஆர்', 'என்' ரெண்டையும் ஒட்டி எழுதி, பார்வைக்கு அதேபோல் இருக்கும் இன்னொரு டொமைனை வாங்கி வருபவரை டிமார்க் தடுக்காது. போன் சின்னத் திரையில் அந்த வித்தியாசம் கண்ணுக்கே தெரியாது. அதற்கு ஒரே மருந்து, கணக்கு எண் மாறியதாக மெயில் வந்தால், ஏற்கெனவே தெரிந்த நம்பருக்குப் போன் போட்டுக் குரலைக் கேட்டு உறுதிசெய்வது. பணம் போய்விட்டது என்று தெரிந்த நிமிடமே 1930 எண்ணுக்கு அழைக்க வேண்டும். தாமதிக்கத் தாமதிக்க, பணம் அடுத்தடுத்த கணக்குகளுக்குத் தாவிவிடும்.

டிமார்க்கை முதல் நாளே 'ரிஜெக்ட்' என்று வைத்துவிடவும் கூடாது. அப்படி வைத்தால் பில்லிங் சாஃப்ட்வேர் அனுப்பும் உங்கள் சொந்த இன்வாய்ஸே திரும்பி வரலாம். சில வாரங்களுக்கு 'நன்' என்று வைத்து, யார் யார் உங்கள் பெயரில் அனுப்புகிறார்கள் என்று வரும் அறிக்கைகளைப் பார்த்துவிட்டு, 'குவாரன்டைன்', பிறகு 'ரிஜெக்ட்' என்று படிப்படியாக ஏற வேண்டும்.

உங்கள் கம்பெனி மெயில் இப்போது எப்படி இருக்கிறது என்று பார்க்க சர்வர் அறிவு எதுவும் வேண்டாம். நாலு டொமைனிலிருந்தும் உங்கள் சொந்த ஜிமெயிலுக்கு ஒவ்வொரு மெயில் அனுப்புங்கள். கம்ப்யூட்டரில் ஜிமெயிலைத் திறந்து, அந்த மெயிலின் ஓரத்தில் இருக்கும் மூன்று புள்ளியைத் தொட்டு, 'ஷோ ஒரிஜினல்' என்பதை அழுத்துங்கள் (போன் ஆப்பில் இந்த வசதி இல்லை). எஸ்பிஎஃப், டிகேஐஎம், டிமார்க் மூன்றுக்கும் எதிரே 'பாஸ்' என்று இருக்க வேண்டும். டிகேஐஎம் வரியில் 'பாஸ்' பக்கத்தில் ஒரு டொமைன் பெயரும் இருக்கும். மசாலா கம்பெனி மெயிலில் அங்கே ரப்பர் கம்பெனியின் பெயர் இருந்தால், வெப்சைட் தம்பிக்கு அன்றைக்கே போன் போடலாம். அப்படியே டொமைன் கணக்கின் பாஸ்வேர்டையும் கேட்டு வாங்கிக்கொள்ளலாம்.